லாக்: நீர்ப்பூட்டா, மதகுத்தொட்டியா?

> கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் லாக்குக்கு 'நீர்ப்பூட்டு' போதுமே. ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள்.

ஐயா, வணக்கம்.

எழுதுகிறார்கள்தான். ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இங்கிலாந்துக் கால்வாய்ப் பயணத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள், எங்கேயாவது மாட்டிக்கொள்வீர்கள். அங்கே சில ஊர்களில் விஷமிகள் தண்ணீரைத் திறந்துவிடாமலிருக்க லாக்கின் பல்சக்கரத்துக்கு நிஜமாகவே பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அதற்கெனப் படகுக்காரர்கள் தனிச் சாவி வைத்திருப்பார்கள். 'நீர்ப்பூட்டின் பூட்டைத் திறந்தோம்' என்றா எழுதுவது?

நான் முன்வைப்பது மதகுத்தொட்டி. இரண்டு பக்கமும் கதவு, நடுவே தொட்டி. படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவைச் சாத்திவிட்டு மேலிருந்து தண்ணீர் விட்டால் தொட்டி நிரம்பும், படகு அதோடு உயரும். பம்பும் இல்லை, மோட்டாரும் இல்லை. கி.பி. 984இல் சீனப் பெருங்கால்வாயில் கட்டியதும் இரண்டு கதவுக்கு நடுவே தண்ணீரைத் தேக்கும் இதே ஏற்பாடுதான். மதகு என்றால் நம் ஊரில் வயல்காரர் யாருக்கும் விளங்கும், தொட்டியை விளக்கவே வேண்டாம்.

> 'படகேற்றி' இன்னும் எளிதாக இருக்கிறதே?

எளிதுதான், ஆனால் அது வேறு கருவிக்கு வேண்டும். செஷயரில் ஆண்டர்டன் என்ற இடத்தில் 1875இல் ஒன்று கட்டினார்கள். படகை அது மிதக்கும் தண்ணீரோடு சேர்த்து ஐம்பது அடி தூக்கும். ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் சக்கரமும் அந்த இனம். படகேற்றியை அவற்றுக்கு விட்டுவைப்போம்.

அடுத்தது, தொட்டிகள் பல சேர்ந்து வரும்போது என்ன சொல்வது? டிவைசஸ் ஊரருகே கேன் ஹில்லில் 29 தொட்டிகள், அதில் 16 ஒரே நேர்கோட்டில் மலையேறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் நடுவே கொஞ்சம் கால்வாய் உண்டு. இதைத் தொட்டிவரிசை எனலாம். பிங்லியில் 1774இல் திறந்த ஐந்து தொட்டிகள் அப்படியல்ல. ஒன்றின் மேல்கதவே அடுத்ததின் கீழ்க்கதவு, இடையில் நின்று மூச்சுவிட இடமில்லை. அது அடுக்குத்தொட்டி. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது.

லெஸ்டர்ஷயரின் ஃபாக்ஸ்டனில் இப்படி இரண்டு அடுக்கு, அடுக்குக்கு ஐந்து தொட்டி. மொத்தம் 75 அடி ஏற்றம். நாங்கள் போனபோது தொப்பி போட்ட ஒரு பெரியவர் கரையில் நின்றார், தன்னார்வத் தொட்டிக்காவலர். ஒவ்வொரு தொட்டிக்கும் சிவப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று என இரண்டு திருகுதண்டுகள். சிவப்பை முதலில் திறந்தால் பிழைத்தாய், வெள்ளையை முதலில் திறந்தால் ஏன் பிறந்தோம் என்பாய் என்கிற மாதிரி ஒரு பழைய எதுகைப்பாட்டு அங்கே உண்டு. அதை ஒரு முறை சொன்னார். நான் தலையாட்டினேன். நம்பிக்கை வரவில்லை போலும், என்னையே திருப்பிச் சொல்லச் சொன்னார். வரிசை மாறினால் பக்கக்குளம், அதாவது தொட்டியை ஒட்டித் தண்ணீரைத் தேக்கும் சிறு குளம், நிரம்பி நடைபாதையெல்லாம் வெள்ளம். எல் வடிவ இரும்புக் கைப்பிடியைத் தண்டில் மாட்டிச் சுற்றினால் அடியில் மடைப்பலகை எழும், தண்ணீர் குமுறிக்கொண்டு வரும். கைப்பிடியை மாட்டியபடியே விட்டுவிட்டுத் திரும்பாதே, சுழன்று பல்லைப் பெயர்க்கும் என்றும் எச்சரித்தார். அது நல்ல ஆங்கிலத்தில் சொல்லப்படவில்லை.

தொட்டிகளைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். ஐஸ்கிரீமும் நாயுமாக வந்து, நாம் கதவோடு மல்லுக்கட்டுவதை ரசிக்கிறவர்களுக்கு அங்கே காங்கூஸ்லர் என்று தனிப்பெயரே இருக்கிறது. இதற்கு யாரும் சொல்லாக்கம் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. ஜேசிபி மண் தோண்டுவதை மணிக்கணக்கில் பார்த்த இனம் நாம், வேடிக்கைக்காரர் போதும்.

நேரோபோட்டுக்கு ஒருவர் 'குறும்படகு' என்று எழுதியிருந்தார். அது ஏழடிக்கும் சற்றுக் குறைவான அகலம், ஆனால் நீளம் எழுபது அடி வரை போகும். குறும் என்றால் நீளமும் குறைந்ததாகத் தோன்றும். ஒல்லிப்படகு என்றே வைக்கலாம். பேச்சுவழக்காக இருக்கிறதே என்று தமிழாசிரியர்கள் கோபிக்க வேண்டாம், படகு நிஜமாகவே ஒல்லி.

மிச்சம் ஒன்றுதான். மேல்கதவின் அடியில் தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கல்திண்டு. இறங்கும்போது படகின் பின்பகுதி இதில் உட்கார்ந்துவிட்டால், தண்ணீர் குறையக் குறைய முன்பகுதி மட்டும் தாழும், படகு மூழ்கியே போகலாம். சுவரில் வெள்ளைக்கோடு போட்டு எச்சரித்திருப்பார்கள். ஆபத்தான பாகம் என்பதால் சொல் தெளிவாக இருக்க வேண்டும். 'நிலைப்படி' என்று குறித்து வைத்திருக்கிறேன், கதவின் அடியில் இருப்பது அதுதானே. கட்டடத் துறை நண்பர்கள் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் இந்த வாரமே கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.