ஒரே வயது, ஒரே சமையல். என் குடலுக்கு மட்டும் 74 வயதா?

கேள்வி: பழையசைக்கிள்

எனக்கு 64 வயது. மனைவி என்னைவிட நாலு மாதம்தான் இளையவள். பிள்ளைகள் ஆசைப்பட்டு இருவருக்கும் குடல் நுண்ணுயிர்ப் பரிசோதனை செய்ய வைத்தார்கள். வீட்டுக்கே சின்னக் குப்பி வந்தது. பட்டாணி அளவு மலம் எடுத்துப் போட்டு அனுப்பினோம். ரிப்போர்ட்டில் அவள் குடலுக்கு 59 வயதாம், எனக்கு 74! அன்றிலிருந்து 'பெரியவரே' என்றுதான் கூப்பிடுகிறாள்.

எனக்கு 11 வருடமாகச் சுகர், தொப்பையும் உண்டு. அவளுக்கு இரண்டும் இல்லை. ஒரே அடுப்பில் சமைத்ததைத்தான் சாப்பிடுகிறோம். இது வயதின் வேலையா, சுகரின் வேலையா? எஷரிக்கியா என்ற ஒரு கிருமியைச் சிவப்பில் காட்டி 'அதிகம்' என்று வேறு போட்டிருக்கிறார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

பதில்: நுண்நோக்கி

சார், இரண்டு விஷயம் சொல்லுங்கள். சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறீர்களா? அக்கர்மான்சியா என்ற கிருமியின் பெயருக்கு நேரே என்ன போட்டிருக்கிறது?

பழையசைக்கிள்

ஆமாம், காலையும் இரவும் 500. அக்கர்மான்சியா பச்சையில், 'மிக நன்று'. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? படிவத்தில் வயது, உயரம், எடை கேட்டார்கள். மாத்திரைக்கு ஒரு கட்டம்கூட இல்லையே.

நுண்நோக்கி

அந்தக் கட்டம் இல்லாததுதான் கோளாறு. மெட்ஃபார்மின் எடுப்பவர்களின் குடலில் எஷரிக்கியா, அக்கர்மான்சியா இரண்டும் கூடுவது வழக்கம். சுகரின் அடையாளம் என்று முன்பு நினைத்த மாற்றங்களில் ஒரு பகுதி, உண்மையில் இந்த மாத்திரையின் அடையாளம் என்று 2015-இல் 784 பேரின் மாதிரிகளை வைத்துக் காட்டினார்கள். உங்கள் சிவப்பும் பச்சையும் ஒரே மாத்திரை போட்ட கோலமாக இருக்கலாம். 74-ஐ நான் நம்பமாட்டேன்.

ஆனால் உங்கள் கேள்வி நல்ல கேள்வி. வயதையும் சுகரையும் தனித்தனியே பிரிக்க முடியாது, ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். வயதானால் குடல் மந்தமாகும், குடல் சுவரின் காவலும் தளரும். நார்ச்சத்து குறைந்தால், அதிலிருந்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கும் கிருமிகளும் குறையும். பெருங்குடல் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். சுவர் கசிந்தால் கிருமித் துணுக்குகள் இரத்தத்துக்குப் போகும், மெல்லிய அழற்சி நிலைக்கும், இன்சுலின் வேலை கெடும். சுகர் ஏறினால் சுவர் இன்னும் தளரும். அப்புறம் சுற்றிச் சுற்றி அதே கதைதான்.

கிருமியே இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளுக்கு முதுமையில் வழக்கமாக வரும் அழற்சி வரவில்லை. கிழட்டு எலிகளின் கிருமிகளை ஏற்றியதும் வந்தது. இது 2017 ஆய்வு. எலிதான், மனிதர் இல்லை. இருந்தாலும் யோசிக்க வைக்கிறது.

பதில்: கொல்லைக்கிணறு

அண்ணா, சிவப்பைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். என் அம்மாவின் ரிப்போர்ட்டில் வாயில் இருக்கவேண்டிய கிருமிகள் குடலில் அதிகம் என்று வந்தது. வருடக்கணக்காக அவர் போடும் அசிடிட்டி மாத்திரைதான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். வயிற்று அமிலம் குறைந்தால் அவை உயிரோடு கீழே இறங்கிவிடுமாம். நாங்களோ முதுமை என்று நினைத்து ஒரு மாதம் தூங்கவில்லை. அப்படியே பி12-உம் பார்த்துவிடுங்கள், மெட்ஃபார்மின் அதைக் குறைக்கும்.

பழையசைக்கிள்

நிறுத்தவில்லை தம்பி. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன், பி12-உம் கேட்கிறேன். இதை எல்லாம் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ என் 59?" என்று கேட்டுவிட்டு ரிப்போர்ட்டை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.