குதிகால் எலும்பு முறிவு: சின்ன வெட்டில் எங்கே பிசகுகிறது?

சின்ன வெட்டு என்றதும் சுலபமான ஆபரேஷன் என்று நினைத்துவிடுகிறார்கள். இதில்தான் கண்ணுக்குத் தெரிவது குறைவு. மிச்சத்தை சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியின் படம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். வெளிக்கணுக்கால் முனைக்குச் சற்றுக் கீழிருந்து நான்காவது விரல் எலும்பின் அடியை நோக்கி 3 முதல் 5 செ.மீ. வெட்டு. வெளிக்கணுக்காலுக்குப் பின்னால் ஓடும் பெரோனியல் தசைநாண்களைக் கீழே ஒதுக்கினால் பின்மூட்டுத் தளம் (கணுக்கால் எலும்பைத் தாங்கும் குதி எலும்பின் மூட்டுப் பரப்பு) தெரியும். உடனே அதை நெம்பப் போகாதீர்கள். முதலில் குதியின் பின்பகுதியில் 5 மி.மீ. ஷான்ஸ் பின் (எலும்பைப் பிடித்து இழுக்க உதவும் தடித்த உலோகக் கம்பி) போட்டு, கீழேயும் பின்னாலும் இழுத்து, உள்ளே சாய்ந்த குதியை வெளியே திருப்ப வேண்டும். உயரமும் நீளமும் திரும்பினால்தான் அமுங்கிப்போன மூட்டுத் துண்டு ஏறி உட்கார இடம் கிடைக்கும். அதன்பிறகு எலிவேட்டர் என்ற நெம்பும் கருவியால் தூக்கி, கம்பியில் பிடித்து, மூட்டுக்கு அடியிலேயே 3.5 மி.மீ. ஸ்க்ரூ, குறி உள்பக்க சஸ்டென்டாகுலம் (குதி எலும்பின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் திட்டு).

அந்த ஸ்க்ரூவில் ஒரு எச்சரிக்கை. சஸ்டென்டாகுலத்துக்குக் கீழே கட்டைவிரலை மடக்கும் தசைநாண் ஓடுகிறது. ஸ்க்ரூ கொஞ்சம் நீண்டாலும் அதில் உரசும். தையல் போடுமுன் கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தடங்கினால் ஸ்க்ரூவை மாற்றுங்கள். பக்கவாட்டுப் படத்தில் போலர் கோணம் (குதியின் உயரம் திரும்பியதா என்று காட்டும் அளவு) 20–40 டிகிரிக்குள் வந்ததும் திருப்தியாகி மூடிவிடுவது இன்னொரு தவறு. குதி இன்னும் உள்ளே சாய்ந்திருந்தால் குதியை நீளவாக்கில் காட்டும் ஆக்ஸியல் படம்தான் காட்டிக்கொடுக்கும். மூட்டுத் தளம் படிபோல் விலகி நிற்பதைப் பார்க்க, காலை உள்ளே திருப்பி எடுக்கும் பிராடன் படம் வேண்டும்.

நாள் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குதியின் வெளிப்பக்கத்தில் போடும் பெரிய எல் (L) வடிவ வெட்டுக்கு வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழும்வரை காத்திருப்போம். சின்ன வெட்டுக்கு அவ்வளவு தேவையில்லை, தள்ளிப்போடவும் கூடாது: இரண்டு வாரம் தாண்டினால் துண்டுகள் ஒட்டத் தொடங்கிவிடும், ஷான்ஸ் பின் போட்டு இழுத்தாலும் அசையாது.

நாக்கு வடிவ முறிவு (குதியின் மேல்பகுதி குதிநாணோடு சேர்ந்து நாக்குபோல் ஒரே துண்டாகப் பிரிவது) மட்டும் தனி. குதிநாண் துண்டை மேலே இழுக்க, பின்தோல் உள்ளிருந்து அழுந்தி வெளுக்கும். அது அவசரம், நாளைக்கு என்று வைக்க முடியாது. தியேட்டர் கிடைக்கும்வரை பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்தே கட்டுங்கள். 90 டிகிரியில் மாவுக்கட்டுப் போட்டால் தோல் இன்னும் இழுபட்டுச் செத்துப்போகும். உயரத்திலிருந்து விழுந்தவர் என்றால் முதுகெலும்பையும் அன்றே பார்த்துவிடுங்கள். கால்வலியில் அந்த வலியை அவரே சொல்லாமல் விட்டுவிடுவார்.