தொடுசொல்: இணைப்பின் மேல் நாம் எழுதும் சொல்லுக்கு ஒரு பெயர்

அண்ணா, வணக்கமுங்க. ஆவணத்தில் இணைப்பு வைக்கும்போது, இணைய முகவரியை மறைத்து மேலே தெரியும்படி நாம் எழுதும் சொல்லுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். நீங்கள் எழுதியதற்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> காட்சியுரை என்றே வைத்துவிடலாம். திரையில் தெரிவது என்று நேராகப் பொருள் வருகிறதே.

நேராகத்தான் வருகிறது. ஆனால் படத்துக்குக் கீழே வரும் வரியும் திரையில் தெரிவதுதான், பொத்தானில் உள்ள எழுத்தும் தெரிவதுதான். ஆவணம் எழுத உதவும் சொற்செயலிகளான லிப்ரே ஆபிஸ் ரைட்டரிலும் சரி, வேர்டிலும் சரி, கண்ட்ரோலையும் கே எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் ஒரு கட்டம் இணைய முகவரிக்கு, இன்னொரு கட்டம் அந்த முகவரிக்கு மேல் நாம் எழுதி வைக்கும் சொல்லுக்கு. இந்த இரண்டாவதற்கு மட்டுமே உரிய பெயர்தான் நமக்கு வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களைவிட நமக்குத்தான் இது அதிகம் தேவைப்படுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஈரோடு கட்டுரையைத் திறந்து, முகவரியை நகலெடுத்து ஆவணத்தில் ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த மூன்றெழுத்து ஊர்ப்பெயர் 45 குறிகளாக நீண்டு கிடக்கும். எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடில் அது ஐந்து குறியீடு: ஈ, ர, ஓகாரக் குறி, ட, உகரக் குறி. அந்தக் குறியீடுகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு, அதாவது மூன்று சேமிப்பு அலகு. முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் (%) எழுத்தோ எண்ணோ ஆன இரண்டு குறிகளுமாக மாறிவிடும். ஊர்ப்பெயருக்கே இப்படி என்றால் நீளமான கட்டுரைத் தலைப்புக்கு எத்தனை வரி ஓடும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதை மறைத்து மேலே ஒரு நல்ல பெயர் வைக்காவிட்டால், தமிழ் ஆவணத்தைப் படிக்கவே முடியாது.

கோபிப் பக்கம் மஞ்சள் போடுகிறவர்களுக்காக இப்போது ஒரு கையேடு தயார் செய்கிறோம். வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர்ப் பக்கங்கள், பட்டா சிட்டா பார்க்கும் தளம் எல்லாவற்றுக்கும் இணைப்பு கொடுக்க வேண்டும். தட்டச்சு செய்கிற பெண்ணிடம், “அம்மிணி, அந்த நீள முகவரியை உள்ளே போட்டுட்டு, மேலே மஞ்சள் சாகுபடினு பேர் மட்டும் தெரியற மாதிரி ஒட்டு” என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் இருந்தால் இரண்டு சொல்லில் முடிகிற வேலை.

> நங்கூர உரை? எச்டிஎம்எல்லில் அதுதானே மூலம்?

மூலம் அதுதான். வலைப்பக்கம் எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல்லில் இணைப்புக்கான குறியில் உள்ள ஒற்றை எழுத்து, நங்கூரம் என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. ஆனால் சொற்செயலியில் எழுதுகிறவர் அந்தக் குறியைப் பார்ப்பதே இல்லை. நங்கூரம் நிறுத்தி வைப்பது, இந்தச் சொல்லோ நம்மைக் கொண்டுபோய் விடுவது.

சுட்டுச்சொல் என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் அப்படிச் சொன்னால் அவன், இவன், அது, இது என்று இலக்கணத்துச் சுட்டுப்பெயர் நினைவுக்கு வந்துவிடும். போதாததற்கு மௌசையும் சுட்டி என்கிறோம்.

பொள்ளாச்சி நண்பர் சொன்ன தடச்சொல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. “இந்தத் தடம் எங்கீங்க போகுது?” என்று கேட்டே வழி கண்டுபிடிக்கிற ஊர் நம்முடையது. ஆனால் நம் பக்கம் தாண்டினால் தடம் என்பது கால்சுவடு. இணையத்தில் ஒருவரைப் பின்தொடர்ந்து வேவு பார்ப்பதையும் தடமறிதல் என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். தடச்சொல் என்றதும் அந்த நினைப்பு வரும். அதனால் மனசில்லாமல்தான் விடுகிறேன்.

தொடுசொல் என்று வைக்கலாமா? தொட்டான் என்பதற்கும் தொடு, தொடுத்தான் என்பதற்கும் தொடு. விரலால் தொட்டால் போகிற சொல், முகவரியோடு தொடுத்து வைத்த சொல், இரண்டும் ஒரே பகுதியில் அடங்கிவிடுகின்றன. தொடுதிரை ஏற்கெனவே எல்லோர் வாயிலும் நிலைத்துவிட்டது. தொடுப்பு என்று மட்டும் எழுதினால் பேச்சுவழக்கில் வேறு மாதிரிப் பொருள் எடுப்பார்கள், தொடுசொல்லுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

> நான்கைந்து சொல் சேர்ந்து வந்தால்? அதையும் சொல் என்பதா?

சொல்லலாம் அண்ணா. தொல்காப்பியத்தில் பழமொழிக்கே முதுசொல் என்றுதான் பெயர். பழமொழி ஒற்றைச் சொல்லா என்ன?

பெயர் கிடைத்துவிட்டால் விதிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘இங்கே’ என்பதைத் தொடுசொல்லாக வைக்காதீர்கள். இது அழகுக்காகச் சொல்வது இல்லை. பார்வையற்றவர்கள் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானில் பக்கத்தில் உள்ள இணைப்புகளை மட்டும் தனிப் பட்டியலாக எடுத்துக் கேட்பார்கள். அப்போது இங்கே, இங்கே, இங்கே என்றே வந்தால் எதைத் திறப்பது? இணைப்பு எங்கே போகிறது என்பது விளங்க வேண்டும் என்று உலகளாவிய வலை அணுகல் வழிகாட்டியும் கேட்கிறது. ‘மஞ்சளில் கிழங்கழுகல் நோய்’ என்று வைத்தால் தனியாகக் கேட்டாலும் புரியும்.

அப்புறம் இன்னொன்று: இணைப்பை வெறும் எழுத்தாக ஒட்டினால் தொடுசொல் தங்கும், முகவரி உதிர்ந்துவிடும். தாளில் அச்சடித்தாலும் அதே கதிதான். ஆகவே அச்சுக்குப் போகிற கையேட்டில் தொடுசொல்லுக்குப் பக்கத்திலேயே சுருக்க முகவரியோ கியூஆர் கட்டமோ கட்டாயம் வேண்டும்.

நம் சொற்பட்டியலில் சேர்ப்பதற்கு மூன்று கட்டளைகளையும் எழுதிவிட்டேன்: ‘தொடுசொல் வைத்து ஒட்டு’, ‘தொடுசொல்லை மாற்று’, ‘தொடுசொல் நீக்கி முகவரி காட்டு’. சேர்க்கும்போது நடுவில் ‘ச்’ போட்டு ‘தொடுச்சொல்’ என்று எழுதிவிடாதீர்கள். வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது, தொடுதிரை போலத்தான். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். கையேடு அச்சுக்குப் போகும் முன் நான் மாற்றிக்கொள்கிறேன்.