கரண்ட் போன ராத்திரிக்குக் கார் பேட்டரி: யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

இலைக்காரன், கோத்தகிரி:

எல்லோருக்கும் வணக்கம். அரவேணுவுக்குக் கொஞ்சம் மேலே வீடு. மூன்று ஏக்கர் தேயிலை, பச்சை இலை பறித்துப் போடுவதுதான் பிழைப்பு. கரண்ட் விஷயத்தில் எனக்குத் தெரிந்தது ஃபியூஸ் மாற்றுவது வரைக்கும்தான். கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 78 வயது, நுரையீரல் பிரச்சினை. ராத்திரி ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் போட்டுத்தான் தூங்குகிறார். 5 லிட்டர் மெஷின், நிமிடத்துக்கு 2 லிட்டர் வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பிளக்கில் மாட்டும் மீட்டர் ஒன்று வாங்கி அளந்து பார்த்தேன், 330 வாட் இழுக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மழை எப்படி என்று மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒரு சில்வர் ஓக் மரம் லைன் மேல் சாய்ந்தால் போதும். அந்தச் சரிவில், இருட்டில், கரடி நடமாட்டம் உள்ள இடத்தில் இறங்கி யார் வெட்டுவது? விடிந்துதான் வருவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கூரையில் 3 கிலோவாட் சோலார் இருக்கிறது. மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் போட்டது, 78,000 ரூபாய் மானியமும் வந்தது. "உனக்கென்னப்பா, சோலார் வீடு" என்கிறார்கள் ஊரில். லைன் போனால் அதுவும் கூடவே படுத்துவிடும் என்பது போட்ட பிறகுதான் எனக்கே தெரியும். ராத்திரிக்கு இருப்பது ஒரு பழைய இன்வெர்ட்டரும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி இரண்டும்தான். நாலு வருஷம் ஆகிவிட்டது. குளிரில் 12 மணிக்குக் கரண்ட் போனால் 4 மணிக்கெல்லாம் கீச் கீச்சென்று கத்த ஆரம்பிக்கும்.

போன வாரம் அந்தச் சத்தத்தில் எழுந்து, அம்மாவுக்கு சிலிண்டரை மாட்டிவிட்டு, தூக்கம் வராமல் போர்ட்டிகோவில் வந்து நின்றேன். எதிரே என் கார். மாதாமாதம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கிறதே என்று போன வருஷம் வாங்கிய எலக்ட்ரிக் கார், 45 யூனிட் பேட்டரி. திரையில் 78 சதவீதம் காட்டுகிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

காரில் வி2எல் உண்டு. சார்ஜ் போடும் இடத்தில் ஒரு அடாப்டரைச் செருகினால் 3.3 கிலோவாட் வரை வெளியே எடுக்கலாம் என்று விற்கும்போது சொன்னார்கள். இதை வீட்டோடு எப்படிச் சேர்ப்பது? ஏதாவது ஒரு பிளக்கில் கொடுத்தால் வீடு முழுக்க வந்துவிடுமா?

பழைய டெஸ்டர், குன்னூர்:

அண்ணா, உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுதுகிறேன். இரண்டு பக்கமும் பின் வைத்த வயர் செய்து சுவர் பிளக்கில் செருகும் வேலை மட்டும் வேண்டாம். மெயினை இறக்க ஒரு தடவை மறந்தால் கார் கரண்ட் மீட்டரைத் தாண்டி வெளியே போகும், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறும். மரத்தை வெட்டிவிட்டு லைனைக் கையில் பிடிக்கிறவர் செத்துப்போன லைன் என்று நம்பித்தான் பிடிக்கிறார். இது ஒன்று. மறந்த நேரத்தில் லைன் திரும்பி வந்தால் காரின் சார்ஜர் போய்விடும், இது இன்னொன்று.

சோலார் இருப்பதால் மூன்றாவதாக ஒரு வம்பும் உண்டு. உங்கள் சோலார் இன்வெர்ட்டர், வெளியே ஒழுங்கான 230 வோல்ட் தெரிந்தால்தான் எழுந்து வேலை செய்யும். கார் கொடுப்பதை ஊர் லைன் என்று அது நம்பிவிட்டால் பகலில் கூரைக் கரண்டைக் கார் பக்கம் தள்ள ஆரம்பிக்கும். வி2எல்லுக்குக் கொடுக்க மட்டும்தான் தெரியும், வாங்கத் தெரியாது. இரண்டும் ஒரே வயரில் சந்திக்கவே கூடாது.

சரி, செய்யக்கூடிய வழி. உங்கள் பழைய இன்வெர்ட்டர் சுவரில் மூன்று பின் பிளக்கில்தானே நிற்கிறது? கரண்ட் போனதும் அந்த பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, காரிலிருந்து வரும் எக்ஸ்டென்ஷனில் செருகுங்கள். இன்வெர்ட்டர் அதை லைன் என்று எடுத்துக்கொண்டு மெஷினையும் ஓட்டும், டியூபுலரையும் சார்ஜ் ஏற்றும். கார் எந்த நேரம் நின்றாலும் டக்கென்று பேட்டரிக்கு மாறிவிடும், மெஷின் ஒரு மூச்சு தவறாது. எல்லாம் சேர்த்தாலும் 900 வாட்டைத் தாண்டாது.

ஒரு நிபந்தனை. பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல் இழுக்காமல் மெயின் நியூட்ரலோடு முடிந்து வைத்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் இந்த வேலை கூடாது. பார்க்கிறவரைக்கும் இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, மெஷினை மட்டும் நேராக இன்வெர்ட்டரின் சாக்கெட்டில் மாட்டுங்கள். இன்னொன்று, காரிலிருந்து வரும் கரண்டுக்கு நம் வீட்டு எர்த்தோடு பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் வீட்டு ஆர்சிசிபி இருக்கிறது என்ற தைரியத்தில் ஈரக் கையோடு தொடாதீர்கள்.

ஏரிக்கரை அக்கா, கொடைக்கானல்:

தம்பி, 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறி இங்கே வந்து மரங்களைச் சாய்த்தபோது நாள் கணக்கில் இருட்டில் கிடந்தோம். நான் நான்கு அறை ஹோம்ஸ்டே நடத்துகிறேன். அன்றைக்கு ஃப்ரிட்ஜில் இருந்ததையெல்லாம் குழி வெட்டிப் புதைத்தேன், அந்த வயிற்றெரிச்சலில்தான் வி2எல் உள்ள கார் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினேன். இரண்டு வருஷமாக ஃப்ரிட்ஜும் வைஃபையும் அதில்தான் தப்பிக்கின்றன.

குன்னூர்த் தம்பி வயரிங் சொல்லிவிட்டார். நான் மழையைச் சொல்கிறேன். நம் ஊர் மூடுபனி சொட்டுவதில்லை, ஆனால் எல்லாவற்றையும் நனைத்துவிடும். அடாப்டரும் எக்ஸ்டென்ஷனும் சேரும் இடத்தைத் தரையில் போடாதீர்கள். நான் பழைய பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்து, விளிம்பில் வயர் போக வெட்டிவிட்டு, ஒரு செங்கல் மேல் வைத்திருக்கிறேன். வயர் 2.5 ஸ்கொயர் எம்எம் தடிமனில் வாங்குங்கள். சுற்றிவைத்த வயரை அப்படியே ஓட்டாதீர்கள், முழுக்க அவிழ்த்துவிடுங்கள். ஒரு தடவை நான் சோம்பேறித்தனமாகச் சுருளோடு விட்டு ஹீட்டரைப் போட்டேன், ரப்பர் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

எத்தனை சதவீதத்தில் நிற்க வேண்டும் என்று காரில் வைத்துக்கொள்ள முடிந்தால் 30ல் வையுங்கள். ராத்திரி அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தால் காரும் அதே கார்தானே.

கணக்குப்பிள்ளை, ஊட்டி:

எல்லாம் சரி சார், ஆனால் அந்தக் காரை எடுத்துக்கொண்டு நீங்கள் தனியாக ஒரு கல்யாணத்துக்குப் போன ராத்திரி கரண்ட் போனால்? வீட்டில் இருப்பது செத்துக்கொண்டிருக்கும் டியூபுலர். முதலில் அதை மாற்றுங்கள். 24 வோல்ட் இன்வெர்ட்டருக்கு 25.6 வோல்ட், 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று போட்டால் 2.56 யூனிட், உங்கள் மெஷினுக்கு ஆறு மணி நேரம் தாராளமாக வரும். இன்வெர்ட்டரில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வைப்பது வீட்டுக்குள் இருக்கட்டும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிரில் அதற்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது. உங்கள் பக்கம் எப்படியோ, எங்கள் தலைகுந்தாவில் ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளையாகிவிடும்.

கார் பேட்டரி தேய்ந்துவிடுமோ என்ற பயம் மட்டும் வேண்டாம். வருஷத்துக்கு இருபது ராத்திரி, தலைக்கு நாலு யூனிட் என்றாலும் 80 யூனிட். உங்கள் பேட்டரிக்கு முழு சார்ஜ் இரண்டு தடவைகூட இல்லை. ஒரு தடவை கோயம்புத்தூர் போய்வரவே இருபது யூனிட் ஆகுமே. ஆனாலும் வாரண்டி புத்தகத்தில் வி2எல் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை படித்துவிடுங்கள்.

வீட்டோடு முழுசாக, தானாக மாறும்படி இணைப்பது வேறு கதை. ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு, 2012லேயே நிசான் லீஃப் காரிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் எடுக்கும் பெட்டியைக் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கு இருபக்கமும் போகும் தனி சார்ஜர் வேண்டும், வி2எல் அடாப்டரை வைத்து அதைச் செய்ய முடியாது.

இலைக்காரன், கோத்தகிரி:

எல்லோருக்கும் நன்றி. கல்யாணக் கேள்வி சரியாகக் குத்தியது. லித்தியத்துக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், இலைப் பணம் வந்ததும் எடுக்க வேண்டும்.

எனக்கு இன்னொரு கவலை, காரை எதில் நிரப்புவது? நல்ல வெயிலில் கூரை 12 யூனிட் வரை கொடுக்கிறது, மூடுபனி நாளில் 2, 3 வந்தால் பெரிது. மேட்டுப்பாளையத்தில் சார்ஜ் போட்டுக்கொண்டு ஏறலாம் என்று பார்த்தால், 33 கிலோமீட்டர் மலையேறி வீடு வருவதற்குள் பத்து யூனிட் போய்விடுகிறது. அதில் ஆறு யூனிட்டுக்கு மேல் காரின் எடையை மேலே தூக்குவதற்கே என்று மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். 1932லிருந்து பைக்காரா ஆற்றுத் தண்ணீரைக் கீழே விட்டுக் கரண்ட் எடுக்கிறார்கள். நான் கரண்டைக் கீழேயிருந்து காரில் ஏற்றி வருகிறேன்! இப்போதைக்கு முடிவு, மழை மாதங்களில் வீட்டு லைன் இருக்கும்போதே 80 வரைக்கும் ஏற்றி வைத்துவிடுவது.

இலைக்காரன், கோத்தகிரி (ஒன்பது நாள் கழித்து):

செவ்வாய் ராத்திரி 10.40க்குப் போனது, புதன் காலை 7.15க்கு வந்தது. சோதனைக்கு இதைவிட நல்ல ராத்திரி கிடைக்காது.

டெஸ்டர் தம்பி சொன்னபடி வீட்டு வயரைக் கழற்றிவிட்டு மெஷினை நேராக இன்வெர்ட்டரில் மாட்டியிருந்தேன். ஒரு மணி வரை பழைய பேட்டரியிலேயே ஓடட்டும் என்று விட்டு, அப்புறம் பிளக்கைப் பிடுங்கிக் கார் வயரில் செருகினேன். இன்வெர்ட்டர் ஒரு தடவை டக் என்றது, அவ்வளவுதான். மீட்டரில் முதலில் 800 வாட்டைத் தாண்டிக் காட்டியது, மூன்றரை மணி வாக்கில் டியூபுலர் நிறைந்துவர மெதுவாக இறங்கியது. காலையில் மீட்டர் கணக்கு 3.4 யூனிட். கார் 71லிருந்து 61க்கு வந்திருந்தது, அதாவது நாலரை யூனிட். நடுவில் ஒரு யூனிட்டைக் கார் தன் தரகாக எடுத்துக்கொண்டிருக்கிறது. முழித்திருக்கக் கூலி வேண்டும் போல. சிலிண்டரைத் தொடவில்லை, ஆனால் கட்டில் பக்கத்திலேயே நிற்கிறது. பி டைப், இரண்டு லிட்டருக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரும். அதை நகர்த்தப் போவதில்லை.

அக்கா, பக்கெட் யோசனைக்குத் தனி நன்றி. வாசலில் என் மனைவியின் சாணி பக்கெட்தான் கிடைத்தது, இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. காலையில் காப்பி குடிக்கும்போது, "ராத்திரி பூராவும் ஜன்னல் பக்கம் என்னமோ விட்டுவிட்டு உறுமிக்கொண்டே இருந்ததே, கரடியா?" என்று கேட்டார். காரின் ஃபேன். ஞாயிற்றுக்கிழமை நியூட்ரல் பார்க்க எலக்ட்ரீஷியன் வருகிறார், அப்போது வயரை இன்னும் ஐந்தடி நீட்டிக் காரை ஜன்னலிலிருந்து தள்ளி நிறுத்த வேண்டும்.