வெய்லின் ஜென்னிஸ் பற்றி எழுதுகிறேன், உதவ முடியுமா?

நண்பர்களுக்கு வணக்கம். கனடாவின் வின்னிபெக் நகரில் 2002-இல் தொடங்கிய 'தி வெய்லின் ஜென்னிஸ்' நாட்டுப்புற இசைக்குழுவின் பயணம் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு கிட்டார் கடையில் மூன்று பெண்கள் சேர்ந்து பாடியதில் பிறந்த குழு இது. 2004-இல் முதல் முழு ஆல்பம் வந்தது, அடுத்த ஆண்டே கனடாவின் இசை விருதான ஜூனோ விருது. 2012-இல் இன்னொரு ஜூனோ.

என்னை மிகவும் ஈர்ப்பது வேறு விஷயம். ரூத் மூடி, நிக்கி மேத்தா இருவரும் தொடக்கத்திலிருந்தே இருக்கிறார்கள். ஆனால் கீழ்க்குரல் பாடும் மூன்றாமவர் மட்டும் இரண்டு முறை மாறினார். காரா லுஃப்ட், அப்புறம் அனபெல் குவாஸ்டெக், 2007-இலிருந்து ஹெதர் மாஸ். மூன்று குரல்களின் இழைவையே நம்பியிருக்கும் குழுவில் ஒரு குரல் மாறுவது சாதாரண விஷயம் இல்லை. அப்படியும் அந்த இழைவு குலையவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

முதல் ஆல்பத்துக்கு முன்பு அவர்களே வெளியிட்ட சிறு இசைத்தட்டு யாரிடமாவது இருக்கிறதா? அதன் உறையில் உள்ள விவரங்களைப் படமெடுத்து அனுப்பினால் போதும். வின்னிபெக் பக்கம் இருப்பவர்கள், பேர்ட்ஸ் ஹில் பூங்காவில் ஜூலையில் நடக்கும் நாட்டுப்புற இசைவிழாவில் இவர்களை நேரில் கேட்டிருந்தால் அந்த அனுபவத்தையும் எழுதுங்கள். எந்த ஆண்டு, அப்போது மூன்றாவது குரல் யார் என்பது நினைவிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரிய நிறுவனத்தின் துணையில்லாத குழுக்களுக்கு இத்தகைய விழாக்கள் எப்படிக் கைகொடுக்கின்றன என்று தெரிந்தவர்களும் பேசினால் மிகவும் உதவியாக இருக்கும்.