அரவேணுவா, கட்டபெட்டா? கோத்தகிரிக் குடும்பக் குழுவில் ஒரு காலை

தம்பி, காலை 7:42
ரோட்டோரக் கடை போட ரெண்டு இடம் பாத்திருக்கோம். ஒண்ணு அரவேணு தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டுல, இறக்கத்துக்கு இடது கைப்பக்கம். இன்னொண்ணு ஊட்டி ரோட்டுல கட்டபெட்டு ஜங்ஷன் கிட்ட. கூகுள் மேப்ல ஜங்ஷன் எப்பவும் சிவப்பாத்தான் இருக்கு, வண்டி ஜாஸ்தி. அதுக்கே அட்வான்ஸ் குடுத்துரலாமா? டீ, வர்க்கி, தேயிலை பாக்கெட். கார்ல உக்காந்தபடியே வாங்கிட்டுப் போற மாதிரி டிரைவ் த்ரூ ஜன்னல் வைக்கலாம்னு எண்ணம்.

அக்கா, 7:50
சிவப்பு வேகத்தைத்தான் சொல்லும்டா, எத்தனை வண்டின்னு சொல்லாது. ஒரு பஸ் திரும்ப முடியாம நின்னாலும் அங்க சிவப்பாயிரும். கடைகளுக்குக் காட்டுற கூட்ட நேரக் கட்டமும் அதே கதைதான். அந்தக் கடையோட உச்ச நேரத்தை வெச்சு அதே கடைக்குப் போட்டது. ரெண்டு கடை கட்டத்தைப் பக்கத்துல வெச்சு எது பெருசுன்னு சொல்ல முடியாது.

மாமா, 7:58
எண்ணித்தான் ஆகணும் மாப்ள. ரோட்டுக் கணக்கெடுப்புக்கு ஐஆர்சி, அதான் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், சொல்றது தொடர்ந்து 7 நாள், 24 மணி நேரமும், வருஷத்துக்கு ரெண்டு தடவை. கடைக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு புதன், ஒரு சனி, ஒரு ஞாயிறு, காலை 7 முதல் ராத்திரி 8 வரை. 15 நிமிஷத்துக்கு ஒரு வரி. ஏறுறதுக்கு ஒரு தாள், இறங்குறதுக்கு ஒரு தாள், கலக்கவே கூடாது. பைக், கார், டெம்போ டிராவலர், பஸ், லாரின்னு பத்தி போடு. கார்ல மட்டும் டிஎன் 43, அதாவது நீலகிரி நம்பர் தனி, வெளி நம்பர் தனி.

தம்பி, 8:01
43 எதுக்கு மாமா தனியா?

மாமா, 8:03
ஊர்க்காரங்க வர்க்கிக்கு ரோட்டோரம் நிக்க மாட்டாங்க, டவுன் பேக்கரிக்குத்தான் போவாங்க. டிஎன், கேஎல், கேஏ வெளி நம்பர்தான் உனக்கு வியாபாரம். மஞ்சள் போர்டு 43 மட்டும் வெளி நம்பரோட சேத்துக்க, உள்ள டூரிஸ்ட் இருப்பாங்க.

மாமா, 8:05
இன்னொண்ணு. யாராச்சும் பழைய கணக்கு குடுத்தா அது வண்டி எண்ணிக்கையா, பிசியுவான்னு (எல்லா வண்டியையும் கார் கணக்குக்கு மாத்துறது) கேட்டுக்க. பிசியுல பைக் 0.5, கார் 1, பஸ்சும் லாரியும் 3. அது ரோட்டுல எவ்வளவு இடம் அடைக்குதுங்கிறதுக்கான கணக்கு. 100 பஸ் போனா 300னு வரும். அதுல ஒரு அரசு பஸ்கூட உன் கடையில நிக்காது.

சித்தப்பா, 8:11
சீசன்ல ஊட்டி வண்டியைக் குன்னூர் வழியா ஏத்தி, கோத்தகிரி வழியா இறக்கி ஒருவழி ஆக்கிருவாங்களே, அதை யாரும் சொல்லலையே?

அக்கா, 8:16
அதைத்தான் சொல்ல வந்தேன் சித்தப்பா, இடத்தை முடிவு பண்றதே அதுதான். மலை ஏறுறவங்களுக்கு டீ, டிபன், பாத்ரூம் வேணும். இறங்குறவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு வாங்குறவங்க: வர்க்கி, தேயிலை, தைலம். தம்பியோட சரக்கு இறங்குற சரக்கு. கட்டபெட்டுலயும் அதே வண்டிங்கதான் வரும். ஆனா ஊட்டியை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரந்தான் ஆகியிருக்கும், முன்னால கோத்தகிரி டவுன் இருக்குன்னு தாண்டிப் போயிருவாங்க. அரவேணுவுல டவுன் முடிஞ்சிருச்சு, இனிமே மலைப்பாதைதான். அங்கதான் "வாங்கலையே"ன்னு ஞாபகம் வரும். இடது கைங்கிறதால எதிர் வண்டியைக் குறுக்க வெட்டாம உள்ள திரும்பலாம்.

தம்பி, 8:19
அப்ப சீசன்ல ஊட்டிக்கு வர்ற வண்டியெல்லாம் நம்ம வாசல்லதானே போகும்?

அக்கா, 8:23
அப்படிக் கணக்குப் போடாத. 2025 சீசனுக்கு ஹைகோர்ட் வெச்ச இ-பாஸ் (வெளியூர் வண்டி உள்ள வர்றதுக்கான ஆன்லைன் அனுமதி) வரம்பு நீலகிரி முழுசுக்குமே வார நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறு 8000. கூடலூர் வழி வந்து அப்படியே திரும்புறதும் அதுலயேதான். பேங்க்ல குடுக்குற திட்டத்துல இதைவிடப் பெரிய நம்பர் எழுதாத. சீசன் இல்லாத மாசத்துக்குத் தனி வரி போடு. வருஷச் சராசரின்னு ஒரே நம்பரா எழுதினா மே மாசத்துல சரக்கு பத்தாது, ஜூலையில வாடகைக்கே பணம் பத்தாது.

சித்தப்பா, 8:27
வர்க்கி வேற நமுத்துப் போயிரும். மழை மாசத்துல பாதிதான் போடணும்.

தம்பி, 8:30
டிரைவ் த்ரூ?

அக்கா, 8:38
கணக்கு சொல்றேன், பாரு. ஜன்னல்ல ஒரு வண்டிக்கு 2 நிமிஷம்னு வெச்சா மணிக்கு 30 வண்டிக்கு மேல முடியாது. 24 வண்டி வருதுன்னு வை. ஒரே சீரா வராது, மூணும் நாலுமா சேந்து வரும். சராசரியா 4 வண்டி லேன்ல இருக்கும், ஆனா எட்டுல ஒரு பங்கு நேரம் 9 அல்லது அதுக்கு மேல நிக்கும். வண்டிக்கு 6 மீட்டர்னா 8 வண்டிக்கே 48 மீட்டர் லேன். ஒன்பதாவது வண்டி மலை ரோட்டுல நிக்கும், பின்னால வர்றவன் இறக்கத்துல வர்றான். 48 மீட்டர் சமதளம் அங்க எங்க இருக்கு?

அக்கா, 8:41
டீ வேற. பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப் 2019ல இருந்தே தமிழ்நாடு முழுக்கத் தடை, நீலகிரியில செக்கிங் இன்னும் கடுமை. கண்ணாடி டம்ளர்ல குடுத்தா குடிச்சு முடிச்சுத் திருப்பித் தர்ற வரைக்கும் கார் நகராது. 2 நிமிஷம் 7 நிமிஷமாயிரும், மணிக்கு 8 வண்டி. லேனே செத்துப் போச்சு.

மாமா, 8:44
மலையில கார்ல வர்றவங்களுக்கு இறங்கி நிக்கணும் மாப்ள. குழந்தைக்கு வாந்தி, டிரைவருக்குக் கால் வலி, பிரேக் சூடு. உக்காந்தபடி வாங்குற ஜன்னல் டவுனுக்குச் சரி. இங்க பார்க்கிங்கும் பாத்ரூமும் போதும்.

அக்கா, 8:48
5 கார் பார்க்கிங்னா முகப்பு 12.5 மீட்டர், உள்நீளம் 5 மீட்டர், திரும்ப இன்னொரு 6 மீட்டர். ஒரு கார் 12 நிமிஷம் நின்னா மணிக்கு 25 கார் வரைக்கும் தாங்கும்.

தம்பி, 8:50
எத்தனை பேர் நிப்பாங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

சித்தப்பா, 8:54
அதே ரோட்டுல, அதே பக்கம் இருக்கிற ஒரு டீக்கடையைப் பாத்து உக்காரு. இறங்குற வெளியூர் கார் எத்தனை போச்சு, எத்தனை உள்ள திரும்பிச்சு. 200க்கு 6 நின்னா 3 சதவீதம். அதை உன் இடத்துக்குப் போடு. புதுக் கடைக்கு முதல் வருஷம் பாதியா வெச்சுக்க.

மாமா, 9:02
பார்வைத் தூரத்தை, அதாவது வர்ற டிரைவருக்கு வாசல் எவ்வளவு தூரத்துல இருந்து தெரியுதுங்கிறதை, அளக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. 40 கிமீ வேகத்துல வர்றவன் பாத்து பிரேக் போட்டு நிக்கச் சமதளத்துலயே 45 மீட்டர் வேணும், இறக்கத்துல இன்னும் கூட. ஒருத்தர் ரோட்டுல 1.2 மீட்டர் உயரத்துல கண்ணை வெச்சுப் பாக்கணும், இன்னொருத்தர் வாசல்ல நிக்கணும், டேப் பிடிச்சு அளங்க. 40ல கார் நொடிக்கு 11 மீட்டர் போகுது. போர்டை 100 மீட்டர் முன்னாடி வெச்சாத்தான் படிச்சு, யோசிச்சு, இண்டிகேட்டர் போட 9 நொடி கிடைக்கும். கடை மேல வெச்ச போர்டு தாண்டிப் போனவனுக்குத்தான் தெரியும்.

தம்பி, 9:05
அப்ப இந்த சனி ஞாயிறே எண்ண ஆரம்பிச்சுடறேன்.

மாமா, 9:09
முதல்ல குன்னூர் ரோடு திறந்திருக்கான்னு கேட்டுக்க. அங்க மண் சரிஞ்சா மொத்த வண்டியும் கோத்தகிரிப் பக்கம் திருப்பி விடுவாங்க. அந்த நாள் கணக்கைப் பாத்துத்தான் நிறைய பேர் ஏமாந்து வாடகை பேசுறது. மலர்க் கண்காட்சி வாரமும் எண்ணாத. மூடுபனி இறங்குற நேரத்தை மட்டும் குறிச்சு வை, அப்ப யாரும் நிக்க மாட்டாங்க.

சித்தப்பா, 9:12
வாசல்ல ரோட்டோரக் கால்வாய் போகுதா?

தம்பி, 9:13
ஆமா சித்தப்பா, ரெண்டடி அகலம்.

சித்தப்பா, 9:15
அதுக்கு மேல சிலாப் போட நெடுஞ்சாலைத் துறை அனுமதி வேணும். மண்ணைக் கொட்டி மூடிட்டு வழி போட்டா ஐப்பசி மழைத் தண்ணி நேரா ரோட்டுக்கு வரும். அனுமதிக்கு யார் எழுதிக் குடுக்கணும்னு இடத்துக்காரர்கிட்ட இன்னிக்கே பேசிரு.