கூப்பர்ஸ் ஹில்லில் என் கைக்கு வந்த ஒற்றை ஷூ

ஈரக்குடை:
சீஸ் உருட்டும் வீடியோவைப் பார்க்காதவர் யாரும் இங்கே இருக்கமாட்டீர்கள், எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். உச்சியிலிருந்து உருட்டிவிடும் வட்டச் சீஸைத் துரத்திக்கொண்டு சரிவில் இறங்கும் போட்டி அது. மே மாதக் கடைசித் திங்கள், இங்கிலாந்தில் பிராக்வொர்த்தில் கூப்பர்ஸ் ஹில் மலையடியில் நின்றிருந்தேன். வீடியோவில் சரிவாகத் தெரிவது நேரில் சுவர். சீஸை உருட்டிவிட்டார்கள், பின்னாலேயே ஆட்களும் உருண்டார்கள். ஓடினார்கள் என்று எழுதக் கை வரவில்லை. ஒரு பையனின் ஷூ கழன்று பறந்து வந்து என் நெஞ்சில் மோதியது, பிடித்துக்கொண்டேன். அவன் கீழே தாங்கிப் பிடிக்க நிற்கும் ரக்பிக்காரர்களின் கையில் போய் விழுந்து, கண்ணைத் திறந்து, "நான் எத்தனையாவது?" என்றான். யாரும் பதில் சொல்லவில்லை. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போய்விட்டார்கள். ஷூ இன்னும் என் கார் டிக்கியில் கிடக்கிறது. இடது கால். மூன்று வருடமாகிறது, தூக்கிப் போட மனம் வரவில்லை.

கோட்ஸ்வோல்ட் ராஜா:
போட்டி அமைப்பாளர்களிடம் அன்றே கொடுத்திருக்கலாமே?

ஈரக்குடை:
எந்த அமைப்பாளர்? கூட்டம் கட்டுக்கடங்காமல் போனதால் 2010இல் அதிகாரபூர்வப் போட்டியை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் தாங்களாகவே நடத்துகிறார்கள். 2013இல் சீஸ் செய்து கொடுத்த மூதாட்டியைப் போலீஸ் எச்சரித்ததால் நுரைப்பஞ்சில் செய்த போலிச் சீஸை உருட்டினார்கள், தெரியுமா? இதில் ஷூவை யாரிடம் போய்க் கொடுப்பது!

டெர்பி மாணவன்:
ஷூவை விடுங்கள். டெர்பிஷயரில் ஆஷ்போர்ன் ஊரே இரண்டு அணியாகப் பிரிந்து தெருக்களில் ஆடும் ஷ்ரோவ்டைட் பந்தாட்டத்தில் ஒருவரிடம் நான் சொன்ன பொய் இன்னும் உறுத்துகிறது. இரண்டு கோல்களுக்கும் நடுவே மூன்று மைல், மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கினால் இரவு பத்து வரை போகும், கடைகள் எல்லாம் பலகை அடித்து மூடியிருக்கும். ஹென்மோர் ஓடைக்கு வடக்கே பிறந்தவர்கள் மேலூர் அணி, தெற்கே பிறந்தவர்கள் கீழூர் அணி. நான் இரண்டு பக்கமும் பிறக்காதவன், சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன். பந்தைச் சுற்றி ஆட்கள் பின்னிக்கொள்ளும் அந்தக் கூட்டத்தை 'ஹக்' என்பார்கள். பிப்ரவரிக் குளிரில் அதிலிருந்து இட்லிக் கொப்பரைபோல ஆவி கிளம்பியது. ரசித்துக்கொண்டிருந்தபோதே அது திரும்பி என்னை ஒரு கடைப் பலகையோடு வைத்து அழுத்திவிட்டது. மூச்சு முட்டியது. சேறு அப்பிய முகம் ஒன்று பக்கத்தில் வந்து, "மேலூரா, கீழூரா?" என்று கேட்டது. நான் தங்கியிருந்த அறை வடக்குப் பக்கம் என்பதால் "மேலூர்" என்று உளறினேன். "நான் கீழூர்" என்று சொல்லிவிட்டு, என் கோட் காலரைப் பிடித்து மூட்டை தூக்குவதுபோல வெளியே இழுத்துப் போட்டார். நன்றி சொல்வதற்குள் மறுபடியும் ஹக்குக்குள் போய்விட்டார்.

எக்ஸிடர் அக்கா:
தம்பி, ஹக்குக்குக் கிட்டே நின்றது உன் தவறு. நானும் ஒன்று சொல்கிறேன். நவம்பர் 5, டெவனில் ஆட்டரி செயின்ட் மேரி என்ற ஊரில் எரியும் தார்ப் பீப்பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள்ளேயே ஓடுவார்கள். ஒன்று என்னைக் கடந்தபோது என் இமைமுடி பொசுங்கும் வாசனை எனக்கே வந்தது. என் கதை அவ்வளவுதான். போக நினைப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: நைலான் ஜாக்கெட் வேண்டவே வேண்டாம், பழைய கம்பளிக் கோட் போடுங்கள். ஸ்ட்ரோலரைக் கொண்டுபோகாதீர்கள். சாலைகளை மூடிவிடுவார்கள், காரைத் தொலைவிலேயே நிறுத்துங்கள். கூட்டம் விலகும்போது நீங்களும் விலகுங்கள், செல்போனை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள். 'ஒரு நிமிடம் நானும் தூக்கட்டுமா' என்று கேட்காதீர்கள், அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் அந்த உரிமை. ஐந்தாம் தேதி ஞாயிறாக இருந்தால் சனிக்கிழமையே நடத்திவிடுவார்கள், தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர் பாட்டில், இரவுக்குக் கொஞ்சம் சாப்பாடு, கையுறை...

டெர்பி மாணவன்:
அக்கா, நான் ஆலோசனை கேட்கவில்லை.

மண்புழு:
எல்லோரும் அடிபட்ட கதையே சொல்கிறீர்கள். நான் செஷயரில் வில்லாஸ்டனுக்கு மண்புழு பிடிக்கும் போட்டிக்குப் போனேன். ஆளுக்கு மூன்று மீட்டர் சதுரம், அரை மணி நேரம். தோண்டக் கூடாது, தோட்டக் கவைமுள்ளை மண்ணில் குத்தி அதிரவைத்துப் புழுவைத் தானாக வெளியே வரவைக்க வேண்டும். பக்கத்துச் சதுரத்தில் ஒரு சிறுமி, கொலுசு மணியை எடுப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்துப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குக் கிடைத்தவை மூன்று. அந்த மூன்றில் ஒன்றை அவள்தான் பாவம் பார்த்துக் கொடுத்தாள், எண்ணியவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. சாதனை 511.

கோட்ஸ்வோல்ட் ராஜா:
511 என்பது 1980 கணக்கு. 2009இல் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி 567 எடுத்துவிட்டாள்.

மண்புழு:
சரி ஐயா, 567. எனக்கு மூன்றுதான், அதுவும் உண்மையில் இரண்டு.

ஈரக்குடை:
அன்று மலையடியில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள்: ஷூவின் அளவு ஒன்பது, நீலம், நாடாவில் இரட்டை முடிச்சு. இரட்டை முடிச்சுப் போட்டிருந்தும் எப்படிக் கழன்றது என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.